கேன்டர்பரியில் விரிசல், ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் என்ன?

வாசகர் கேள்வி - பதில்

2025 அக்டோபரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு செய்திகள் வந்தன. இங்கிலாந்துச் சபைக்கும் அதன் வழிவந்த உலக ஆங்கிலிக்கன் சபைகளுக்கும் தலைமைப் பீடமான கேன்டர்பரிக்கு முதன்முறையாக ஒரு பெண் பேராயர் என்பது ஒன்று. 'இனி நாங்கள்தான் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம்' என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் முன்நிற்கும் கஃப்கான் இயக்கம் விட்ட அறிக்கை இன்னொன்று. அதிலிருந்து குமரி மாவட்டத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 'ஆங்கிலிக்கன் சபை இரண்டாக உடைந்துவிட்டது' என்று எங்கள் சேகர வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. நாமும் ஆங்கிலிக்கன்தானே? இனி நாம் யார் பக்கம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: டீச்சர், 'நாமும் ஆங்கிலிக்கன்தானே' என்ற இடத்திலேயே கொஞ்சம் நிற்போம். குமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் முன்னோர் ஆங்கிலிக்கன் கிடையாது. மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்த ரிங்கல்தௌபே பிரஷ்யா நாட்டுக்காரர், லுத்தரன் பின்னணியில் வளர்ந்தவர். அவரை அனுப்பியது லண்டன் மிஷன் சங்கம் (எல்.எம்.எஸ்.). அந்தச் சங்கத்தில் பெரும்பாலோர் காங்கிரகேஷனல் வழிக்காரர்கள். அதாவது ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே கூடிப் பேசி முடிவெடுக்கும், மேலே பேராயர் என்று ஒருவர் இல்லை. இன்றைக்கும் நம் ஊரில் வயதானவர்கள் 'எல்.எம்.எஸ். சபை' என்று வாய் தவறாமல் சொல்வது இதனால்தான்.

கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் கதை வேறு. திருநெல்வேலிப் பக்கம் வேலை செய்த எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். இரண்டும் ஆங்கிலிக்கன் சங்கங்கள். என் பாட்டி நாசரேத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி நாகர்கோவில் பக்கம் வந்த புதிதில், போதகர் கையில் ஜெபப் புத்தகமே இல்லாமல் மனதில் வந்தபடி ஜெபிப்பதைக் கேட்டு 'இது என்ன ஆராதனை' என்று பயந்துபோனாராம். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதெல்லாம் ஜெபமா என்று பாட்டா திருப்பிக் கேட்பார். இரண்டு பேரும் ஒரே பைபிளை வாசித்தவர்கள், ஒரே வீட்டில் அறுபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள்.

1908-ல் காங்கிரகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உண்டானது, நம்மவர்கள் அதில் இருந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் அந்த ஐக்கிய சபையும், ஆங்கிலிக்கன் பேராயங்களும் (பேராயர் ஒருவரின் கீழ் உள்ள பகுதிகள்), மெதடிஸ்டு சபையும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. பேராயர் என்று ஒருவர் நமக்கு வந்ததே அன்றைக்குத்தான். அப்போது நாம் தென் திருவிதாங்கூர் பேராயம். 1956-ல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு 1959-ல் கன்னியாகுமரி பேராயம் தனியாகப் பிரிந்தது.

ஆக, ஆங்கிலிக்கன் என்பது நம் நான்கு வேர்களில் ஒன்று. இன்றைக்கு சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உறுப்பு, அதே சமயம் மெதடிஸ்டு உலகக் கவுன்சிலிலும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியத்திலும் உறுப்பு. அதனால் கேன்டர்பரியில் யாராவது கதவைச் சாத்தினால் நாம் தெருவில் நிற்கப்போவதில்லை. 'யார் பக்கம்' என்பதை சி.எஸ்.ஐ.யின் உச்ச அவையான சினாட்தான் பேசி முடிவு செய்ய வேண்டும், சேகர வாட்ஸ்அப் குழுவில் முடிகிற காரியம் இல்லை அது.

கேள்வி: உண்மையில் சண்டை எதற்காக? ஒருவர் ஓரினச்சேர்க்கை என்கிறார், ஒருவர் பெண் பேராயர் என்கிறார், ஒருவர் வெள்ளைக்காரன் - கறுப்பன் பிரச்சினை என்கிறார்.
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, மூன்றும் இருக்கிறது, ஆனால் மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. முடிவெடுப்பது யார்?

ரோமில் போப் சொன்னால் அது சட்டம். ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அப்படி யாரும் இல்லை. 42 மாகாணச் சபைகள், ஒவ்வொன்றும் தனக்குத் தானே தலை, கேன்டர்பரி பேராயர் 'சமமானவர்களில் முதல்வர்', அவ்வளவுதான். 1867-ல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு முதன்முறை கூடியதற்கே ஒரு சண்டைதான் தூண்டுதல். தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் பேராயர் கொலென்சோ பைபிளின் முதல் புத்தகங்களைப் பற்றி எழுதியது பெரிய கலகமானது. அந்த மாநாட்டிலேயே, இது கூடிப் பேசும் இடம், சட்டம் போடும் இடம் இல்லை என்று வைத்துவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது எப்படியோ ஓடியது.

1998 லாம்பெத் மாநாட்டில் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, ஓரினச்சேர்க்கை வேதத்துக்கு ஒத்ததல்ல என்று 526-க்கு 70 வாக்கில் தீர்மானம் போட்டார்கள். 2003-ல் அமெரிக்கச் சபை, ஆண் துணையோடு வாழ்வதை மறைக்காத ஜீன் ராபின்சனைப் பேராயராக அபிஷேகம் செய்தது. 'எல்லாரும் கூடிச் சொன்னதை ஒரு சபை மீறினால் என்ன செய்வது' என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. 2008-ல் எருசலேமில் கஃப்கான் பிறந்தது, 2009-ல் வட அமெரிக்காவில் போட்டிச் சபையே உருவானது. எல்லாரையும் ஓர் உடன்படிக்கையில் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு முயற்சி நடந்தது, அதை 2012-ல் இங்கிலாந்துப் பேராயங்களே தோற்கடித்தன. 2023 பிப்ரவரியில் ஒரே பாலினத் தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபம் சொல்ல இங்கிலாந்துச் சபையின் பொதுச் சங்கம் வழிவிட்டது. அதே மாதம் 'இனி கேன்டர்பரியை எங்கள் தலைமையாகக் கருத முடியாது' என்று தென்னுலகப் பேராயர்களில் ஒரு பெரிய கூட்டம் சொல்லிவிட்டது. 2025 அக்டோபர் 16 அறிக்கை அதற்கும் ஒரு படி மேலே. கேன்டர்பரி கூட்டும் கூட்டங்களுக்குப் போகாதீர்கள், ஐக்கியத்தின் ஆலோசனைக் குழுவுக்குப் பணம் கொடுக்கவோ அதனிடம் வாங்கவோ வேண்டாம், நாங்கள் விலகவில்லை, நாங்களே அந்த ஐக்கியம் என்றது.

என் கருத்தைக் கேட்டால் வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆப்பிரிக்கப் பேராயர்களைப் 'பழைமைவாதிகள்' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது அநியாயம். உலகத்து ஆங்கிலிக்கன்களில் பெரும்பங்கு இன்றைக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள், ஆனால் ஐக்கியத்தின் மையமாக இருக்கிறவரை லண்டனில் ஒரு குழு தேர்ந்தெடுத்து அரசர் நியமிக்கிறார். அந்தக் குழுவில் வெளிநாட்டுச் சபைகளுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது, 2022-ல்தான் ஐந்தாக்கினார்கள். மிஷன் காலத்தை அனுபவித்த நமக்கு அந்தக் கோபம் புரிய வேண்டும். அதே மாதிரி, ஓரினச்சேர்க்கையாளர்களைப் பற்றி மேடையில் பேசும்போது அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதை மறந்து பேசுகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப வலித்தது வேறு. 2022 லாம்பெத் மாநாட்டுக்கு நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா பேராயர்கள் வரவே இல்லை. வந்தவர்களிலும் சிலர், அப்பமும் பாத்திரமும் எல்லாரும் பகிரும் திருவிருந்து நேரத்தில், முன்னே போய் அதை வாங்காமல் இருக்கையிலேயே இருந்துவிட்டார்கள். ஒரே பந்தியில் உட்கார விடாத ஊரில், 'இங்கே எல்லாருக்கும் ஒரே பாத்திரம்' என்று கேட்டுத்தான் நம் முன்னோரில் எத்தனையோ பேர் சபைக்கு வந்தார்கள். அந்தப் பாத்திரத்தைக் கூட இருப்பவரோடு பகிர மாட்டேன் என்று ஒரு பேராயர் உட்கார்ந்திருப்பதை, அவர் நியாயம் எதுவாக இருந்தாலும், என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: பெண் பேராயராவது வேதத்துக்கு விரோதமில்லையா? நம் சபையிலும் இப்படி வருமா?
- வாசகர், கருங்கல்

பதில்: வந்து பல வருஷம் ஆகிறது, அண்ணாச்சி. சி.எஸ்.ஐ.யில் பெண்கள் 1976-லிருந்து ஆயர்களாக, அதாவது போதகர்களாக, இருக்கிறார்கள். இங்கிலாந்துச் சபையில் பெண்களுக்கு அந்தப் போதகர் பட்டம் கிடைத்தது 1994-ல். 2013-ல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா அம்மா பேராயர் ஆனார், இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் வந்தது 2015-ல். இந்தக் காரியத்தில் லண்டன் நமக்குப் பின்னால் வந்திருக்கிறது.

புதிய கேன்டர்பரி பேராயர் சாரா முல்லாலி சபைப் பணிக்கு வருமுன் நர்ஸ். இங்கிலாந்து அரசின் தலைமை நர்சிங் அதிகாரியாகவே இருந்தவர். வீட்டுக்கு ஒரு நர்ஸை உலகத்துக்கு அனுப்பியிருக்கிற மாவட்டம் இது, அந்தக் கைகளைக் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது. வேதம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். பவுல் எழுதிய ரோமர் 16-ஐ எடுத்து, அதில் எத்தனை பெண்களின் உழைப்பைச் சொல்லி அவர் வாழ்த்துகிறார் என்று எண்ணிப் பாருங்கள், பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 1947-ல் மட்டும் எப்படி ஒன்று சேர முடிந்தது? இப்போது ஏன் முடியவில்லை?
- சபைச் செயலர், மயிலாடி

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர் பெற்றவர். அவர்கள் எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்: இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் வந்து விழுந்தவை இவை, இவற்றை நிலைக்க வைக்க எங்களுக்கு விருப்பமும் இல்லை. இங்கிலாந்தில் எந்த அரசன் எந்த நூற்றாண்டில் யாரோடு சண்டை போட்டான் என்பதற்காக நாசரேத்துப் பெண்ணும் நாகர்கோவில் பையனும் ஏன் வேறு வேறு சபையாக இருக்க வேண்டும்? என் பாட்டி இதையே வேறு வார்த்தையில் கேட்பார்.

அதற்குப் பிறகு 28 வருஷம் பேசினார்கள். அடிக்கடி முட்டி நின்ற இடம், பேராயர் கை வைத்து அபிஷேகம் பெறாத போதகர்களை என்ன செய்வது என்பது. ஆங்கிலிக்கன்கள் பார்வையில் அது இல்லாமல் பட்டம் முழுமையாகாது. எல்.எம்.எஸ். போதகர்களோ, இத்தனை வருஷம் நாங்கள் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் செல்லாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, இருபது வருஷம் பனங்காட்டிலும் கடற்கரையிலும் நடந்து ஊழியம் செய்தவரிடம் போய் 'மறுபடி வந்து முழங்காலில் நில்' என்று யார் சொல்வது?

அவர்கள் கண்ட வழி எளிமையாகத் தெரியும், ஆனால் பெரிய மனசு வேண்டும். ஏற்கெனவே போதகராக இருக்கும் ஒருவருக்கும் மறுபடி பட்டம் கிடையாது, உள்ளபடியே ஏற்றுக்கொள்வது. இனி வரும் போதகர்களுக்கு மட்டும் பேராயர் அபிஷேகம் செய்வார். முப்பது வருஷத்தில் இரண்டு வழியும் தானாக ஒன்றாகிவிடும். அதுவரை எந்தச் சபைக்கும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ போதகரையோ திணிப்பதில்லை என்று ஓர் உறுதிமொழி. முதலில் ஒரே பந்தி, மற்றதையெல்லாம் காலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

அசரியா அதைக் கண்ணால் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். 1947-ல் புதிதாக அபிஷேகம் பெற்ற பேராயர்களில் 37 வயது ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மிஷனரி லெஸ்லி நியூபிகினும் ஒருவர், அவருக்கு மதுரை - இராமநாதபுரம் கிடைத்தது. ஆங்கிலிக்கன் பட்டம் பெறாத ஒருவர் நேரே பேராயரா என்று இங்கிலாந்தில் பெரிய சலசலப்பு. 1948 லாம்பெத் மாநாட்டில் நம் ஊழியர்களை ஏற்பது பற்றி ஒருமனப்பட முடியவில்லை. இங்கே மற்ற சபைகளோடு சேர்ந்ததற்காக, நம் ஆங்கிலிக்கன்கள் அங்கே தாய்வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1955-ல் இங்கிலாந்துச் சபை கதவைக் கொஞ்சம் திறந்தது, 1980களின் கடைசியில்தான் சி.எஸ்.ஐ. முழு உறுப்பாகத் திரும்ப வந்தது. நம்மிடமும் எல்லாரும் சேர்ந்துவிடவில்லை. நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்களில் பலர் வெளியே நின்றார்கள், பல வருஷம் கழித்து வந்தார்கள். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அந்த நந்தியாலுக்குத்தான் கிடைத்தார், அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950-ல் சி.எஸ்.ஐ. தனக்கென்று திருவிருந்து ஆராதனை முறை ஒன்றை எழுதியது. ஆயர் கையிலிருந்து ஒருவர் கைக்கு, அவரிடமிருந்து அடுத்தவர் கைக்கு என்று சமாதான வாழ்த்து கடைசி பெஞ்சு வரை போகுமே, அந்தப் பழக்கம் அதில் இருந்தது. பிற்பாடு உலகத்தில் பல சபைகள் தங்கள் ஆராதனையைத் திருத்தும்போது அந்த முறையைப் பார்த்துப் படித்தன.

இப்போது ஏன் முடியவில்லை என்றால், அன்றைக்குச் சேர விரும்பியவர்கள் உட்கார்ந்து வித்தியாசங்களைப் பேசினார்கள். இப்போது ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள் தனித்தனி மேடையில் அறிக்கை விடுகிறார்கள். முப்பது வருஷம் பொறுக்கலாம் என்று சொல்ல ஒருவரும் தயாராக இல்லை.

கேள்வி: அப்படியானால் ஆங்கிலிக்கன் ஐக்கியம் முடிந்துவிட்டதா? அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?
- வாசகி, நெய்யூர்

பதில்: பானை இரண்டு துண்டாக உடைவது போல நடக்காது என்று நினைக்கிறேன். கஃப்கானில் இருக்கும் மாகாணங்களுக்குள்ளேயே எல்லாரும் ஒரே வேகத்தில் இல்லை, கேன்டர்பரியோடு உறவை அறுக்காமல் கஃப்கான் கூட்டத்துக்கும் போகிற பேராயர்கள் உண்டு. அப்புறம் 'நைரோபி - கெய்ரோ முன்மொழிவுகள்' என்று ஒன்று 2024 டிசம்பரில் வந்தது. 1930 லாம்பெத் மாநாடு, கேன்டர்பரியோடு உறவில் இருப்பவையே ஆங்கிலிக்கன் சபைகள் என்று விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தைத் தளர்த்தலாம், ஆலோசனைக் குழுவின் தலைமைப் பதவி மாகாணங்களுக்கு இடையே சுற்றி வரட்டும் என்கிறது இந்த முன்மொழிவு. நல்ல யோசனை. ஆனால் இருபது வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். நம்பிக்கை போன பிறகு நாற்காலியை மாற்றிப் போட்டால் உட்கார ஆள் வர வேண்டுமே. பெயர் ஒன்றாகவும், பந்தி இரண்டாகவும், நடுவில் இரண்டிலும் உட்காருகிறவர்கள் நிறையப் பேருமாகக் கொஞ்ச காலம் போகும் என்பது என் கணிப்பு.

கேள்வி: நான் கத்தோலிக்கன், மனைவி சி.எஸ்.ஐ. நீங்கள் உங்களுக்குள்ளேயே சேராவிட்டால் எங்களோடு எப்போது சேருவீர்கள்?
- மீனவர், குளச்சல்

பதில்: உங்கள் வீட்டில் சேர்ந்துவிட்டதே, முதலில் அதற்கு வாழ்த்து. 1896-ல் போப் பதின்மூன்றாம் லியோ ஆங்கிலிக்கன் பட்டங்கள் முற்றிலும் செல்லாது என்று எழுதினார், அது இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. அதே ரோமில் 1966-ல் போப் ஆறாம் பவுல் தன் மோதிரத்தைக் கழற்றி கேன்டர்பரி பேராயர் ராம்சேயின் விரலில் போட்டார். 2025 அக்டோபர் 23 அன்று போப் பதினான்காம் லியோவும் இங்கிலாந்து அரசர் சார்லஸும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் சேர்ந்து ஜெபித்தார்கள், சீர்திருத்த காலத்துக்குப் பிறகு இது முதல் முறை. அன்பு வளர்ந்திருக்கிறது, பந்தி மட்டும் இன்னும் தனித்தனி. பிள்ளைகளை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று நீங்கள் இருவரும் ஞாயிறு காலையில் படுகிற பாட்டை இரண்டு பக்கத்துப் பேராயர்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: உலக ஐக்கியத்தை விடுங்கள். நம் சபைகளில் தேர்தல் வந்தால் இரண்டு அணி, தோற்றால் கோர்ட். இதில் என்ன ஒற்றுமை?
- பெயர் வேண்டாம் என்கிறார், தக்கலை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கும் இது நடந்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சபையில் ஒரு தேர்தலுக்குப் பிறகு ஒரே வருஷத்தில் இரண்டு அசனம் (சபை விருந்து) நடந்தது. ஒரு அணியின் சோற்றை மறு அணி சாப்பிடவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. என் அப்பா இரண்டுக்கும் போய் இரண்டு இடத்திலும் இலை போட்டு உட்கார்ந்தார், இரண்டு அணிக்காரரும் அவரை ஏசினார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் கேன்டர்பரி சண்டையைப் பற்றி வாசிக்கும்போது அது எனக்குத் தூரத்துச் செய்தியாகப் படுவதில்லை.

அங்கே குறைந்தபட்சம் உபதேசத்தைப் பற்றி வாதாடுகிறார்கள். இங்கே பல இடங்களில் பள்ளிக்கூட வேலை, கல்லூரி இடம், நிலம், கட்டடம் இவைதான் பின்னால் நிற்கின்றன. இதற்கு மருந்து மேலேயிருந்து வரும் என்று நான் நம்பவில்லை. நம் எல்.எம்.எஸ். முன்னோர் நமக்கு விட்டுப்போனது சபைக் கூட்டம். கணக்கை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம், பெண்களும் கேட்கலாம். பேராயர் முறையை ஏற்றபோது அந்தக் கூட்டத்தையும் கூடவே கொண்டுவந்தோம், பல சபைகளில் இப்போது அது கையெழுத்து போடும் சடங்காகிவிட்டது. உங்கள் அடுத்த சபைக் கூட்டத்துக்குப் போங்கள், ஐயா. எந்த அணிக்காகவும் இல்லாமல், கணக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பக்கத்தில் இரண்டு பேர் தலையாட்டினால் அடுத்த முறை அவர்களும் எழுந்து கேட்பார்கள்.

கேள்வி: மகள் லண்டனில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இந்தக் குழப்பத்தில் அங்கே ஆங்கிலிக்கன் கோயிலில் திருவிருந்து எடுக்கலாமா? அவள் தோழி போகிற கோயில் 'கஃப்கான் பக்கம்' என்கிறார்கள்.
- தாய், குழித்துறை

பதில்: தாராளமாக எடுக்கலாம், அம்மா. திரியேக கடவுளை விசுவாசிக்கிற சபையில் ஞானஸ்நானம் பெற்று, தன் சபையில் திருவிருந்து எடுக்கிறவர்களை இங்கிலாந்துச் சபை தன் பந்தியில் ஏற்கிறது. சி.எஸ்.ஐ. பிள்ளைக்குக் கேள்வியே இல்லை. தோழி போகிற கோயிலுக்கும் போய்ப் பார்க்கட்டும், எந்த அணி என்று முதலிலேயே விசாரிக்க வேண்டாம், நாலு ஞாயிறு போனால் அங்கே அன்பு இருக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும். லண்டனில் தமிழ் ஆராதனை நடக்கிற சபைகளும் இருக்கின்றன, இரவுப் பணி முடித்துவிட்டுத் தனியாக அறையில் இருக்கிற பிள்ளைக்குத் தாய்மொழியில் ஒரு பாட்டு பெரிய ஆறுதல். உங்கள் ஆயரிடம் கேட்டு உறுப்பினர் சான்று ஒன்று ஆங்கிலத்தில் வாங்கி அனுப்பிவையுங்கள், முடிந்தால் கூடவே அவளுடைய பழைய பாட்டுப் புத்தகத்தையும்.